எந்தக் குழு என்று தெரியாமல்

இதில் நடந்தவற்றின் வரிசை ஓரிரு இடத்தில் முன்பின் ஆகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வியாதியே அதுதான். எழுதியதை என் கணவர் டேனியல் படித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் மழை என்று எழுதியிருந்தேன். அன்றைக்கு நல்ல வெயில் என்று திருத்தினார். மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது என்றார்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஒரு காருக்குள் ஓடுகிற ஒயர்கள் அத்தனையையும் ஒரே கொத்தாகக் கட்டித் தருவது எங்கள் வேலை. பெரிய பலகை ஒன்று மெல்ல நகர்ந்து நம் முன்னால் வரும். எந்த நிற ஒயர் எந்தக் கனெக்டரில் எந்தத் துளைக்குப் போக வேண்டும் என்பது கைக்கே தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது. புதிதாக வரும் பெண்களை என் பக்கத்தில் நிறுத்தித்தான் பழக்குவார்கள்.

ஒரு காலை ஷிப்டில் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட ஒயர் என் கையில் இருந்தது. பலகை வந்தது. அந்த ஒயர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியவில்லை. மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மறந்துபோனால் உள்ளே ஓர் அரிப்பாவது இருக்கும், இதோ வந்துவிடும் என்று தோன்றும். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற கோமதி என் கையிலிருந்து ஒயரை வாங்கி அதன் துளையில் சொருகினாள். என்னைப் பார்க்கவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை. அடுத்த நாளும் ஒருமுறை அப்படி ஆயிற்று. அன்றும் அவளேதான் சொருகினாள். மூன்றாம் நாள் நானே போய் சூப்பர்வைசரிடம் சொன்னேன். தப்பான ஒயரோடு ஒரு கார் சாலைக்குப் போய்விட்டால் என்னவாகும் என்ற பயம்தான் காரணம். அவர் என்னை பேக்கிங் பகுதிக்கு மாற்றினார். ‘கொஞ்ச நாளைக்கு’ என்றுதான் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருப்பது அதற்குச் சில வருடங்கள் முன்பே தெரியும். முதலில் வந்தது கண்ணில். வலது கண்ணுக்கு முன்னால் யாரோ கண்ணாடித்தாள் பிடித்தது போல இருந்தது. சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிந்தது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, கோளாறு கண்ணில் இல்லை, கண்ணுக்குப் பின்னால் போகும் நரம்பில் என்று நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதித்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் நரம்பின் மேலுறையைத் தின்றுவிடுகிறது, அதனால் செய்தி போய்ச்சேரத் தாமதமாகிறது என்று டாக்டர் விளக்கினார். ஒயரின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உரிந்துபோனால் என்ன ஆகும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் தலையாட்டினேன். டேனியல்தான் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

கண் ஸ்டீராய்டு மருந்தில் சரியானது. காலில் வந்த மரமரப்பும் குறைந்தது. வியாதி மேலே போகாமல் தடுக்க ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அதோடு முடிந்தது என்றே இருந்தோம். மூளைக்குள்ளும் அதே உறைதானே, யோசிப்பதும் ஞாபகம் வைப்பதும் கூட அந்த வழியாகத்தானே போக வேண்டும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். என் மகள் ஜெனியிடம் சாப்பிட்டாயா என்று கேட்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பேன். முதல்முறை சொன்ன அதே குரலில் ‘சாப்ட்டேன்மா’ என்பாள். இப்பத்தானே கேட்டே என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. அவளுடைய அந்தப் பொறுமைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பேக்கிங்குக்கு மாறிய பிறகு நடந்த பரிசோதனையில் டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் அங்கேயே ஒரு சின்னச் சோதனை வைத்தார். தாளின் மேல்வரிசையில் சில குறிகள், ஒவ்வொரு குறிக்குக் கீழும் ஓர் எண். அதற்குக் கீழே வெறும் குறிகள் மட்டும் வரிசையாக. மேலே பார்த்து ஒவ்வொன்றின் எண்ணையும் வேகமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். குழந்தை விளையாட்டு என்று நினைத்துத் தொடங்கினேன். நேரம் முடிந்தது என்று அவர் சொன்னபோது இரண்டு வரிசையைக் கூட நான் தாண்டவில்லை. அறிவு போய்விடவில்லை, வேகம்தான் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இந்த வியாதி உள்ளவர்களில் நிறைய பேருக்கு இப்படி ஆவதுண்டு என்றும், இதற்கென்று உறுதியான மருந்து இன்னும் இல்லை என்றும் சொன்னார். பிறகு, கணினியில் செய்யும் ஒருவகைப் பயிற்சி இதற்கு உதவுமா என்று பார்க்க ஓர் ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா என்று கேட்டார்.

டேனியல் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நேராக டாக்டரிடமே கேட்டார்.

“இது வேலை செய்யுமா செய்யாதான்னு ஒங்களுக்கே தெரியாதா சார்?”

“தெரியாதுங்க,” என்றார் டாக்டர். “தெரிஞ்சா ஆய்வே வேணாமே. நேரா பயிற்சியவே குடுத்துடுவேன். தெரிஞ்சிக்கத்தான் உங்க மனைவிகிட்ட உதவி கேக்கறேன்.”

உதவி என்ற அந்தச் சொல் எனக்குள் இறங்கிய விதத்தை எப்படி எழுதுவது? மருத்துவமனையில் அதுவரை நான்தான் உதவி கேட்பவள். சீட்டு எங்கே போடுவது, ஸ்கேன் எந்த மாடி, டாக்டர் எப்போது வருவார் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிபவள். இவ்வளவு படித்த ஒருவர், ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாமல் பேக்கிங்குக்குத் தள்ளப்பட்ட என்னிடம், எனக்குத் தெரியாது, நீ உதவு என்கிறார்.

சென்னையிலிருந்து ரயிலில் திரும்பும்போது டேனியல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். எலி மாதிரி என்னை வைத்துப் பார்க்கப் போகிறார்களோ என்று இரண்டு முறை கேட்டார். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது அவரே சொன்னார்: “போம்மா. தெரியாதுன்னு வாயத் தொறந்து சொல்ற ஆளு நம்மள ஏமாத்த மாட்டாரு.”

சேருவதற்கு முன் நிவேதா என்ற உளவியலாளர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஒவ்வொரு விஷயமாக விளக்கினார். சேருபவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான பயிற்சி. நாம் தேறத் தேற அது கடினமாகிக்கொண்டே போகும். இன்னொன்று ஒப்பீட்டுக் குழு, அதற்கும் கணினிதான், ஆனால் சாதாரண வேலைகள். யார் எந்தக் குழு என்பதை டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது, நாமும் கேட்க முடியாது. கணினியே குலுக்கிப் போடும். எல்லோருக்கும் முடியும்வரை நமக்குச் சொல்ல மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் எந்த நாளில் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம், வழக்கமான சிகிச்சை அப்படியே தொடரும். கையெழுத்துப் போடும் முன், புரிந்ததை என் வாயால் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் தடுமாறிய இடத்தில் மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அவர் முகத்தில் சலிப்பே இல்லை.

மூன்று மாதம், வாரத்தில் இரண்டு நாள். அந்த நாட்களில் எனக்கு மதிய ஷிப்ட் வருமாறு, பேக்கிங் வேலையும் தெரிந்த கோமதி தன் ஷிப்டை மாற்றிக் கொடுத்தாள். எங்கள் வியாதிக்கு வெயில் ஆகாது. உடம்பு சூடேறினால் கண் மங்கும், கால் துவளும், யோசனை அப்படியே நின்றுபோகும். டேனியல் முதல்நாள் இரவே தண்ணீர் பாட்டிலை ஃப்ரீஸரில் வைத்துக் கட்டியாக்கி, ஈரத்துண்டில் சுற்றி என் பையில் போட்டுவிடுவார். ரயிலில் அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டே போவேன்.

இரண்டாவது வாரம் அந்தத் துண்டுதான் எனக்கு ஒரு தோழியைக் கொடுத்தது. மருத்துவமனையில் பார்த்த ஒரு பெண் அதே ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். துண்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அக்கா, ஒங்களுக்கும் வெயில்ல கண்ணு மங்குமாக்கா?” என்று கேட்டாள். பெயர் சங்கரி. சங்கரன்கோவில் பக்கம் ஊர். ஒரகடத்தில் ஹாஸ்டலில் தங்கி செல்போன் தொழிற்சாலையில் வேலை. அதே வியாதி, அதே ஆய்வு. பாதித் துண்டை அவளுக்குக் கொடுத்தேன்.

அதன்பிறகு போவதும் வருவதும் சேர்ந்தே. என்னிடம் அவள் மறைத்தது எதுவும் இல்லை. வியாதி வந்ததை ஊரில் சொல்லவில்லை. “அம்மாட்ட சொன்னா அடுத்த பஸ்ஸுல வந்து என்னைய கூட்டிட்டுப் போயிருவா. அப்புறம் நான் அந்த வீட்டுக்குள்ளயே கெடக்க வேண்டியதுதான்,” என்றாள். மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதையும், போனில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பதையும் சொன்னாள். நானும் அவளிடம் எல்லாம் சொன்னேன், ஜெனியிடம் இரண்டு முறை கேட்பதைக்கூட.

ஒன்றை மட்டும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பயிற்சி அறையில் என்ன செய்கிறோம் என்பதை மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று நிவேதா கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் யாருக்கு எது என்று ஊகித்துவிடுவோம். நமக்கு நிஜப் பயிற்சி இல்லை என்று தோன்றிவிட்டால் மனம் விட்டுப்போகும், நிஜம் என்று தெரிந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வோம். கடைசியில் வருவது பயிற்சியின் பலனா, நம் நினைப்பின் பலனா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் திரும்பும்போது சங்கரி ரயிலில் அழுதாள். “இன்னைக்கு உள்ள…” என்று ஆரம்பித்தவள், சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, “வேண்டாம்க்கா, சொன்னா கெட்டுப்போயிரும்,” என்றாள். எதற்காக அழுகிறாள் என்று தெரியாமலே அவள் முதுகைத் தடவிக்கொண்டு வந்தேன். குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் கடந்தது. எங்களைக் கண்காணிக்க அந்தப் பெட்டியில் யாருமே இல்லை. பேசியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் பேசவில்லை.

நாங்கள் மட்டுமில்லை. எனக்குச் சோதனை வைக்கும் இளைஞர் ஒவ்வொரு முறையும் முதலில், எந்தப் பயிற்சி செய்கிறீர்கள் என்று என்னிடம் சொல்லிவிடாதீர்கள் என்பார். தெரிந்தால் தன்னை அறியாமல் ஒருத்திக்குக் கொஞ்சம் தாராளமாக மதிப்பெண் போட்டுவிடுவோமோ என்று அவருக்குப் பயம். கணக்குப் போடுகிறவருக்கும் பெயர் தெரியாதாம், எண் மட்டும்தானாம். அந்தப் பயிற்சி பலன் தர வேண்டும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் ஆசை. தங்கள் ஆசையே தங்களை ஏமாற்றிவிடக் கூடாது என்று தங்களைச் சுற்றித் தாங்களே வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெபம் செய்கிற இடத்தில் எனக்கு வரும் அடக்கம் அந்தத் தாழ்வாரத்தில் வந்தது.

ஸ்கேன் எடுத்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூளை வேலை செய்துகொண்டிருக்கும்போதே படம் எடுக்கிற ஸ்கேன் அது. எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கே இரத்தம் கூடுதலாகப் பாயும். அதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். தலையைச் சுற்றிக் கூண்டு போன்ற ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, குழாய்க்குள் அனுப்பினார்கள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்த எழுத்தே திரும்ப வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். இயந்திரம் இடிபோல் தட்டிக்கொண்டிருந்தது. எழுத்துகள் என்னைக் கேட்காமல் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. வெளியே வந்ததும், எல்லாம் தப்பு, என் மூளை ஒன்றுக்கும் உதவாது என்று நிவேதாவின் தோளில் சாய்ந்து அழுதேன். அவர், “நல்லா பண்ணீங்க,” என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. மற்றவர்களும் முடிக்க வேண்டியிருந்ததால் பல மாதம் காத்திருந்தோம். பேக்கிங்கிலேயே இருந்தேன், வேலை போகவில்லை. ஒருநாள் அழைப்பு வந்தது. சங்கரிக்கும் அதே நாள். அன்று டேனியல் விடுப்பு எடுத்துக்கொண்டு பைக்கிலேயே கூட்டிப்போனார்.

சங்கரி முதலில் உள்ளே போய்விட்டு வந்தாள். அவள் பயிற்சிக் குழு. முகத்தில் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து நாங்கள் போனோம்.

“நீங்க ஒப்பீட்டுக் குழுவில இருந்தீங்க,” என்றார் டாக்டர்.

அத்தனை ரயில், அத்தனை வெயில், கோமதி மாற்றிக் கொடுத்த அத்தனை ஷிப்ட். திரையில் காய்கறிப் படங்களை வகைவகையாகப் பிரித்துக்கொண்டு, மூளை தேறுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். டேனியல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“அப்போ இத்தினி நாளும் இவ சும்மாவா சார் வந்து போய்கினு இருந்தா?”

டாக்டர் கோபப்படவில்லை. அவர் உட்காரும்வரை காத்திருந்தார். பயிற்சி செய்தவர்கள் சோதனைகளில் கொஞ்சம் தேறியிருக்கிறார்கள் என்றார். அது வீட்டிலும் வேலையிடத்திலும் எவ்வளவு உதவும், எத்தனை நாள் நிலைக்கும் என்பது இன்னும் தெரியாது என்றும் சொன்னார். பிறகு டேனியலைப் பார்த்து, “தேறியிருக்காங்கன்னு நான் எத வச்சு சொல்றேன்? ஒரே சோதனைய திரும்பத் திரும்ப எழுதினாலே கொஞ்சம் பழகிடும். எவ்ளோ பழக்கம், எவ்ளோ பயிற்சின்னு பிரிச்சிக் காட்டினது, பயிற்சி இல்லாமலே அதே சோதனைய எழுதின இவங்கதான். இவங்க வரலன்னா எங்ககிட்ட பதிலே இல்ல,” என்றார்.

வெளியே உட்கார்ந்திருக்கும் சங்கரியை நினைத்தேன். அவள் தேறினாள் என்பதற்கு நான் சாட்சி. முகம் தெரியாத யார் யாருக்கோ, நாளைக்கு இந்த வியாதி வரப்போகிற யாருக்கோகூட, காய்கறிப் படம் பிரித்துக்கொண்டிருந்த அந்த நாட்கள் போய்ச்சேரும். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது வருத்தத்தில் வந்ததல்ல.

ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்கள் விரும்பினால் இனி நிஜப் பயிற்சியைச் செய்துகொள்ளலாம் என்று சொன்னார்கள். இதை எழுதும்போது நான் அதில்தான் இருக்கிறேன். சங்கரி ஏன் அழுதாள் என்று இப்போது தெரிகிறது, அவ்வளவு கடினம். தீபாவளிக்கு ஊருக்குப் போய் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மா அவளைக் கூட்டிப்போக வரவில்லை. அவளோடு ஒரு மாதம் தங்கியிருக்க வந்தார்.

எந்தக் குழு என்று சொன்ன அன்று, நாங்கள் கிளம்ப எழுந்தபோது, ஸ்கேன் படத்தைப் பார்க்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். முதலில் இந்த வியாதி இல்லாத ஒருவருடைய மூளை. அந்த எழுத்து விளையாட்டின்போது சில இடங்களில் மட்டும் ஆரஞ்சு நிறம் படிந்திருந்தது. அடுத்தது என்னுடையது. அந்த இடங்களிலும் இருந்தது. அவற்றுக்கு நேர் எதிர்ப்பக்கத்திலும், நடுவிலும், பின்னாலும் இருந்தது. நரம்பின் உறை போன இடங்களில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்த புண்களைச் சுற்றி எங்கெங்கோ எரிந்துகொண்டிருந்தது. வழக்கமான பாதை சேதமானதால் மூளை மற்ற இடங்களையும் அந்த வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். இதையும் தாங்கள் இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்று கூடவே சொன்னார். ஒன்றுக்கும் உதவாது என்று நான் அழுவதற்குச் சற்று முன் எடுத்த படம் அது. குழாய்க்குள் என் மூளையை நான் திட்டிக்கொண்டிருந்தபோது, அது எனக்குத் தெரியாமல், எங்கெங்கிருந்தோ ஆள் சேர்த்து, ஓர் எழுத்தைப் பிடித்துக் கொடுக்கப் பாடுபட்டிருக்கிறது.

டேனியல் திரைக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது இப்பவும் ஓடிகினு இருக்கா சார்?” என்றார்.

“படம் அன்னிக்கு எடுத்தது. வேலை இப்பவும் நடந்துகிட்டுத்தான் இருக்கும்.”

அதைக் கேட்டதும் அவர் திரையை விட்டுவிட்டு என் தலையைப் பார்த்தார். கோயிலில்கூட அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

வண்டி நிறுத்தத்தில் நான் ஹெல்மெட்டை எடுத்தேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கி, என் தலையில் மெதுவாக இறக்கி, முடி மாட்டாமல் ஒதுக்கிவிட்டு, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ஒரகடம் வரைக்கும் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. அவர் நாற்பதுக்கு மேல் போகவே இல்லை.